கணப்படுப்புக்கு ஒரு செட் கருவிகள்: உலையில் அடித்துச் செய்வது எப்படி

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா பக்கத்துப் பழைய பங்களாக்களில் சுவரோடு கட்டிய கணப்படுப்பு இன்னும் இருக்கிறது. குளிர்நாடுகளில் பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்கும் அது வந்து சேருகிறது. அதன் ஓரத்தில் நிற்கும் கருவிகள் நான்கு. கட்டையைப் புரட்டக் கிண்டுகோல், சாம்பல் அள்ளக் கரண்டி, கங்கு எடுக்க இடுக்கி, தரையைக் கூட்டத் துடைப்பம். ஐந்தாவது, இவற்றை மாட்டும் தாங்கி. கொல்லுவேலைக்குப் புதிதாக வருபவர் கற்க வேண்டிய இழுத்தல் (அடித்து நீளமாக்குவது), தட்டையாக்கல், முறுக்கல், பிளத்தல், வளைத்தல், ரிவிட் அடித்தல் எல்லாமே இந்த ஒரு செட்டுக்குள் வந்துவிடும். கூர்வாய் வைக்க வேண்டியதில்லை, தோய்ச்சல் (காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கெட்டியாக்குவது) கொடுக்க வேண்டியதில்லை. முதல் பெரிய வேலைக்கு அரிவாளைவிட இதுவே நல்லது.

ஒரு கிண்டுகோலை அழகாக அடிப்பது பெரிய காரியமில்லை. நான்கு கைப்பிடிகளையும் ஒன்றுபோல அடிப்பதுதான் கடினம். கிண்டுகோலை முழுதாக முடித்துவிட்டுக் கரண்டிக்குப் போனால், கரண்டியின் முறுக்கு நிச்சயம் வேறு மாதிரி வரும். அதனால் கருவி வாரியாகச் செய்யாமல் வேலை வாரியாகச் செய்யுங்கள். எல்லாக் கம்பியையும் வெட்டி முடித்த பிறகு எல்லா வாலையும் (வளையமாகப்போகும் குறுகிய முனையை) இழுங்கள், பிறகு எல்லா வளையத்தையும் வளையுங்கள், பிறகு எல்லாவற்றையும் முறுக்குங்கள். கருவிக்குக் கருவி மாறும் கீழ்முனை வேலை அதற்குப் பிறகு. தாங்கி கடைசி.

இரும்பு

கடையில் எம்.எஸ். என்று கேட்டு வாங்குங்கள். கார்பன் குறைந்த சாதாரண இரும்பு அது. இளகிக் கொடுக்கும், அவசரத்தில் தண்ணீரில் நனைத்தாலும் நொறுங்கும் அளவுக்கு இறுகாது. வெட்ட வேண்டியவை:

12 மி.மீ. சதுரக் கம்பி: 72 செ.மீ. ஒன்று (கிண்டுகோல்), 64 செ.மீ. இரண்டு (கரண்டி, துடைப்பம்)
10 மி.மீ. சதுரக் கம்பி: 72 செ.மீ. இரண்டு (இடுக்கி)
16 மி.மீ. சதுரக் கம்பி: 80 செ.மீ. ஒன்று (தாங்கியின் தூண்)
20 × 6 மி.மீ. பட்டை: 24 செ.மீ. இரண்டு (தாங்கியின் கொக்கிகள்)
2 மி.மீ. தகடு: 17 × 17.5 செ.மீ. (கரண்டி)
8 மி.மீ. தகடு: 24 × 24 செ.மீ. (தாங்கியின் அடி)
6 மி.மீ. ரிவிட் அரை டஜன், 4 மி.மீ. ரிவிட் இரண்டு

எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோவுக்குள் அடங்கும். வெட்டும்போது கைதவறும் துண்டுகளுக்காகக் கம்பியில் அரை மீட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். முறுக்கைப் பழகிப் பார்க்க அது எப்படியும் தேவைப்படும்.

வீட்டு வேலையில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பி வேண்டாம். மேல்தோல் ஒரு கெட்டி, உள்ளே ஒரு கெட்டி என்று இருக்கும், வரிகளும் அடிக்கும்போது மடிப்பாக உள்ளே போய்விடும். லாரி வில்பட்டையும் வேண்டாம். அது கார்பன் கூடிய இரும்பு. அடிக்க இரு மடங்கு பாடு, தண்ணீர் பட்டால் விரிசல். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. தகட்டை உலைக்குள் வைக்கவே கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் போல நடுக்கம் வரும்.

உலையும் மற்றவையும்

கரியோ நிலக்கரியோ எதுவானாலும் சரி. மரக்கரியும் சிரட்டைக்கரியும் சுத்தமாக எரியும், ஆனால் வேகமாகத் தீரும், பொறியும் அதிகம் பறக்கும். நிலக்கரி நின்று எரியும், ஆனால் கிட்டம் (சாம்பல் உருகிச் சேர்ந்த கசடு) கட்டும். காற்று வரும் வாயில் கிட்டம் அடைத்துக்கொண்டால் எவ்வளவு ஊதினாலும் கம்பி சிவப்பைத் தாண்டாது. மணிக்கு ஒரு முறை காற்றை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, உறைந்த கிட்டத்தைக் கம்பியால் நெம்பி எடுங்கள்.

கம்பி நெருப்புக்குள் படுக்கை வாட்டில் இருக்க வேண்டும். காற்றுவாய்க்கு மேலே 7 முதல் 8 செ.மீ. உயரம் எரியும் கரி, அதன்மேல் கம்பி, அதற்கும் மேலே 4, 5 செ.மீ. கரி மூடியிருக்க வேண்டும். புதியவர்கள் நுனியைச் சாய்த்துக் காற்றுவாயை நோக்கிக் குத்தி வைப்பார்கள். அங்கே எரியாத காற்று நேராக வருகிறது. இரும்பு சூடேறும் முன்பே செதில் செதிலாக உரியும், சூடேறிய பிறகு நுனி எரிந்தே போகும். மத்தாப்பூப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். எரிந்த பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

பட்டடைக்கல் 50 கிலோவுக்கு மேல் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் தண்டவாளத் துண்டை மரக்கட்டையில் இறுக்கிப் பிணைத்தும் இந்தச் செட்டை முடிக்கலாம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால், விரல் முட்டி தொடும் உயரத்தில் கல்லின் முகம் இருக்க வேண்டும். கல் தாழ்ந்திருந்தால் இடுப்பு போகும், உயர்ந்திருந்தால் தோள் போகும். ஒரு கிலோ சுத்தியல் போதும். ஒரு முகம் லேசாகக் குவிந்தும் மறுமுகம் குறுக்கு அலகாகவும் இருப்பது நல்லது. 12 மி.மீ. சதுரத்தைப் பிடிக்கும் குறடு ஒன்று, தகட்டுக்கு ஒன்று, காலோடு நிலத்தில் ஊன்றிய வைஸ், சூட்டு உளி, கம்பி பிரஷ், ஒரு வாளி தண்ணீர்.

பருத்தி உடை, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி கட்டாயம். பாலியெஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பட்டறையில் சூடு படுவது பெரும்பாலும் சிவந்த இரும்பால் அல்ல, கறுத்த இரும்பால்தான். 400 டிகிரியிலும் இரும்பு சும்மா கிடப்பது போலவே தெரியும். கீழே கிடக்கும் எதையும் தொடும் முன் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். கரிப்புகை தேங்கும் மூடிய அறையில் உலை மூட்டாதீர்கள்.

நிறம்

சூட்டைக் கண்தான் அளக்க வேண்டும், அதனால் உலையை நிழலில் வையுங்கள். வெயிலில் ஆரஞ்சும் சிவப்பாகத் தெரியும். அதை நம்பி மேலும் காய்ச்சினால் எரிந்துவிடும். இருட்டில் மங்கலாகச் சிவப்பது 550 டிகிரி அளவு. நல்ல சிவப்பு 750 முதல் 800. ஆரஞ்சு 900 முதல் 1000. மஞ்சள் 1100. இந்த வேலையில் இழுப்பதும் தட்டையாக்குவதும் மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் நிற்க வேண்டும். முறுக்குவதும் வளைப்பதும் ஆரஞ்சில். சிவப்பு மங்கிய பிறகும் "இன்னும் நாலு அடி" என்று அடிப்பதுதான் விரிசலுக்கு முதல் காரணம். அந்த நாலு அடியால் இரும்பும் நகராது, கைதான் நோகும்.

கைப்பிடி: வால் இழுத்தல்

12 மி.மீ. கம்பி மூன்றிலும் ஒரு முனையிலிருந்து 12 செ.மீ. அளந்து, சென்டர் பஞ்சால் (புள்ளி குத்தும் கூர்முனை இரும்பு) நன்றாகத் தெரியும்படி குத்துங்கள். சாக்பீஸ் கோடு நெருப்பில் போய்விடும். இந்த 12 செ.மீ. நுனியில் 6 மி.மீ. சதுரமாகக் குறுகும் வாலாக இழுபட்டால் சுமார் 20 செ.மீ. நீளும். 10 மி.மீ. கம்பி இரண்டிலும் 10 செ.மீ. குறித்து நுனியை 5 மி.மீ. வரை இழுத்தால் 17 செ.மீ. வரும். இரும்பு எங்கும் போவதில்லை, குறுகிய அளவுக்கு நீள்கிறது என்பதால் இந்தக் கணக்கு பொய்க்காது. உங்களுக்கு 24 செ.மீ. வந்தால் வால் மெலிந்துவிட்டது என்று பொருள்.

நுனியிலிருந்து தொடங்குங்கள். முதலில் கடைசி 2 செ.மீ.யை மட்டும் குட்டையான மொட்டைக் கூம்பாக அடித்து, பிறகு பின்னோக்கி வாருங்கள். நடுவில் தொடங்கி நுனியை நோக்கி அடித்தால், மேல்தோல் மட்டும் முன்னால் ஓடி, நுனி குழிந்து இரண்டு உதடாகப் பிரியும். அதை அடித்து மூட முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

இரண்டு அடிக்கு ஒரு முறை கம்பியைச் சரியாகக் கால் சுற்று திருப்புங்கள். திருப்பல் கொஞ்சம் பிசகினாலும் சதுரம் சாய்சதுரம் ஆகும். ஆகிவிட்டால் உடனே நிறுத்தி, மஞ்சளுக்குக் காய்ச்சி, நீண்ட மூலைகள் மேலும் கீழும் இருக்கும்படி நிறுத்தி, மேல் மூலையை மெதுவாகத் தட்டிச் சதுரத்துக்குக் கொண்டுவாருங்கள். சாய்ந்தபடியே தொடர்ந்து அடித்தால் நடுவில் நீளவாக்கில் பிளக்கும்.

வேகமாக இழுக்க வேண்டுமானால் சுத்தியலின் குறுக்கு அலகால் அடியுங்கள். அலகு கம்பிக்குக் குறுக்கே விழுந்தால் இரும்பு நீளத்துக்குப் போகும். கம்பியின் போக்கிலேயே விழுந்தால் அகலத்துக்குப் போகும். கரண்டிக் கம்பியிலும் இடுக்கி அலகிலும் இந்த இரண்டாவது வழி உதவும்.

வால் முடிந்ததும் நான்கு மூலைகளையும் லேசாகத் தட்டி மழுக்குங்கள். மழுக்குவது வாலோடு நிற்கக் கூடாது. வாலுக்குக் கீழே கையால் பிடிக்கப்போகும் 15 செ.மீ.க்கும் சேர்த்துத்தான். முறுக்கிய பிறகு அந்தக் கூர்மூலைகளை மழுக்க வழியில்லை, உள்ளங்கையை அறுக்கும்.

வளையம்

வாலின் நுனியில் 4 செ.மீ.யை வெளிப்பக்கமாகச் சின்னச் சுருளாக மடக்குங்கள். கல்லின் விளிம்புக்கு வெளியே அரை செ.மீ. நீட்டி, கீழ்நோக்கித் தட்டி, திருப்பி, தன்னைநோக்கித் தட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்ட வேண்டும். பலமாக ஒரே அடி அடித்தால் சுருளாது, மூக்கு மடிந்ததுபோல் ஒடுங்கும். மீதி 16 செ.மீ.யை எதிர்ப்பக்கமாகக் கல்லின் கொம்பில் வளைத்தால், 5 செ.மீ. விட்டமுள்ள வளையம் முழுதாக மூடும். சுருள் தண்டோடு ஒட்டி உட்காரும்.

வளையம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பதுதான் வழக்கமான குறை. வளைக்கத் தொடங்கும் முன்பே வாலின் அடியில் 45 டிகிரி எதிர்ப்பக்கம் ஒரு மடிப்பு கொடுங்கள். அப்போது வளையத்தின் நடு தண்டின் நேர்க்கோட்டில் அமையும். முதல் வளையம் திருப்தியாக வந்ததும் அதைத் தரையில் வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். மற்ற இரண்டையும் அந்தக் கோட்டின்மேல் வைத்து ஒப்பிடலாம். இடுக்கியின் வளையங்களுக்கு விட்டம் 4 செ.மீ.

முறுக்கு

வளையத்துக்குக் கீழே 2 செ.மீ. விட்டு, அங்கிருந்து 12 செ.மீ. இதன் இரு எல்லைகளையும் பஞ்சால் குறியுங்கள். இரண்டு முழுச் சுற்று முறுக்கினால் ஒன்றரை செ.மீ.க்கு ஒரு வரி விழும், பிடிக்க வாகாக இருக்கும்.

அந்த 12 செ.மீ. முழுக்க ஒரே ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். முறுக்கு கெடுவதற்குக் காரணம் எப்போதும் சூடு சீராக இல்லாததுதான். சூடு கூடிய இடம் இளகி அதிகம் முறுகும், சூடு குறைந்த இடம் அப்படியே நிற்கும். கம்பியை நெருப்பில் முன்னும் பின்னும் நகர்த்தி, திருப்பித் திருப்பிக் காய்ச்சுங்கள். நெருப்பு சிறியதாக இருந்தால் காற்றைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். எடுத்ததும் கீழ்க்குறியை வைஸின் வாயில் இறுக்கி, மேல்குறியில் ஸ்பேனரைப் பிடித்துத் திருப்புங்கள். ஸ்பேனருக்கு எதிர்ப்புறம் ஒரு கைப்பிடி வெல்டு செய்துவைத்தால் இரண்டு கையாலும் சமமாகச் சுற்றலாம், கம்பி கோணாது. ஓரிடம் முந்திக்கொண்டு முறுகுவதாகத் தெரிந்தால் அங்கே மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு அடக்கி, மற்ற இடத்தைத் தொடரலாம். எல்லாவற்றையும் வலப்பக்கமே சுற்றுங்கள். ஒன்று மாறினாலும் செட்டைப் பார்ப்பவர் கண் நேராக அதில்தான் போய் நிற்கும்.

கோணினால் இரும்புச் சுத்தியலால் நிமிர்த்தாதீர்கள், வரிகள் நசுங்கும். மரக்கட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டுங்கள். புகையும், பரவாயில்லை.

கிண்டுகோலின் முனை

நுனியிலிருந்து 4 செ.மீ. உள்ளே, நடுவில் 5 மி.மீ. துளை போடுங்கள். ஆறிய நிலையில் டிரில்லால் போட்டால் போதும். துளையிலிருந்து நுனிவரை சூட்டு உளியால் பிளங்கள். மஞ்சள் சூட்டில், பாதி ஆழம் ஒரு பக்கத்திலிருந்து, மீதி மறுபக்கத்திலிருந்து. கல்லின் முகத்தில் செப்புத் தகடோ மெல்லிய இரும்புத் தகடோ விரித்துக்கொள்ளுங்கள். உளி கடந்து வரும்போது கல்லும் உளியும் கெடாது. துளை எதற்கென்றால், உளி வெட்டு கூர்மையாக முடியும் இடத்தில் வளைக்கும்போது விரிசல் கிளம்பும். உருண்டையாக முடிந்தால் கிளம்பாது.

இரண்டு காலையும் விரித்து, தனித்தனியாகக் கூராக இழுங்கள். ஒவ்வொன்றும் 7 செ.மீ. வரை நீளும். மெல்லியவை என்பதால் நொடியில் சூடாகும், நொடியில் எரியும். நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஒன்றை நேராக நிறுத்துங்கள், அது தள்ள. மற்றதைப் பக்கவாட்டில் 4 செ.மீ. வெளியே வரும்படி வளைத்துக் கைப்பிடிப் பக்கம் லேசாகத் திருப்புங்கள், அது இழுக்க. ஊசிக்கூர் வேண்டாம். நுனி 4 மி.மீ. கனத்தில் நிற்கட்டும்; அதைவிட மெலிந்தால் கங்குக்குள் நாலைந்து முறை போய்வந்ததும் அரித்துவிடும்.

பழகியவர்கள் கொக்கியைத் தனியாகச் செய்து, வெங்காரம் தூவி, வெண்மஞ்சள் சூட்டில் தண்டோடு அடித்து ஒட்டுவார்கள். பார்க்க அதுதான் அழகு. ஆனால் ஒட்டும் சூட்டுக்கும் எரியும் சூட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. முதல் செட்டில் பிளவே போதும்.

சாம்பல் கரண்டி

கம்பியின் கீழ்முனையில் 5 செ.மீ.யை 5 மி.மீ. கனத்துக்குத் தட்டையாக்கினால் 2 செ.மீ. அகலமும் 7 செ.மீ. நீளமும் கிடைக்கும். அகலம் போதாவிட்டால் குறுக்கு அலகைக் கம்பியின் போக்கில் வைத்து அடியுங்கள்.

தகட்டை வெட்டும் முன் அட்டையில் வெட்டி மடித்துப் பாருங்கள். அடிப்பகுதி 12 × 15 செ.மீ. இரண்டு பக்கமும் பின்புறமும் 2.5 செ.மீ. சுவர். முன்பக்கம் திறப்பு. பின்மூலை இரண்டிலும் பக்கச்சுவர்க் கோட்டோடு பின்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே, பின்சுவரை மடிக்கும் கோடு வரை வெட்டினால் மூலைத் துண்டு பக்கச்சுவரோடு ஒட்டியிருக்கும். பக்கச்சுவரை நிமிர்த்திய பிறகு அந்தத் துண்டைப் பின்சுவருக்கு வெளியே மடக்கி, மூலைக்கு ஒரு 4 மி.மீ. ரிவிட் அடித்தால் கரண்டி விரியாது. பின்சுவரின் நடுவில் கம்பி நுழைய 2 செ.மீ. அகல வாய் வெட்டுங்கள். 2 மி.மீ. தகடு இரண்டு ஆங்கிளுக்கு (L வடிவ இரும்பு) நடுவில் வைத்து வைஸில் இறுக்கினால் ஆறிய நிலையிலேயே மடியும். மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் மட்டும் சிவக்கக் காய்ச்சி மடியுங்கள்.

தட்டையாக்கிய முனையை வாய்வழியாக உள்ளே விட்டு, அடித்தகட்டின்மேல் 6 செ.மீ. படுக்கவைத்து இரண்டு ரிவிட் அடியுங்கள். ஒன்று போதாது, ஒன்றைச் சுற்றிக் கரண்டி ஆடத் தொடங்கும். ரிவிட்டின் நீளத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மறுபுறம் வெளியே நீட்ட வேண்டியது விட்டத்தில் ஒன்றரைப் பங்கு, அதாவது 6 மி.மீ. ரிவிட்டுக்கு 9 மி.மீ. இங்கே கம்பி 5, தகடு 2, தலைக்கு 9, ஆக 16 மி.மீ. அதைவிடக் குறைந்தால் தலை உருவாகாது, கூடினால் தண்டு துளைக்குள்ளேயே வளைந்து தலை கோணும். தலையை மேலே வைத்துக் கீழே அடித்து, தரையில் உரசாமல் அரத்தால் தணித்துவிடுங்கள்.

கடைசியில் பின்சுவருக்கு 3 செ.மீ. பின்னால் கம்பியைக் காய்ச்சி 30 டிகிரி மேலே வளையுங்கள். இந்த வளைவு இல்லாவிட்டால் கரண்டி தரையோடு படியாது. முன்விளிம்பு தரையில் இருக்க வேண்டுமானால் குனிந்து கையைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இடுக்கி

இந்தச் செட்டில் புதியவர்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான். இரண்டு கைகளையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகச் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் சேராது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றேபோல் இருக்க வேண்டும். ஒன்றைக் கவிழ்த்து மற்றதன்மேல் வைக்கும்போதுதான் அவை எதிரெதிராக அமைகின்றன.

வளையத்துக்குக் கீழே 20 செ.மீ.யில் ரிவிட் இடம். முறுக்கு வளையத்துக்குக் கீழே 14 செ.மீ.யிலேயே முடிந்துவிடுவதால் அது குறுக்கிடாது. அந்த இடத்தில் 2.5 செ.மீ. நீளத்தைக் கல்லில் வைத்து, மேல்முகத்தில் மட்டும் 25 மி.மீ. அகலமுள்ள இரும்புக் கட்டையை வைத்து, உதவிக்கு நிற்பவர் சம்மட்டியால் அடிக்க, 6 மி.மீ. கனத்துக்கு இறக்குங்கள். கீழ்முகம் தட்டையாகவே இருக்கட்டும். இறக்கிய முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி சேரும்.

நுனியில் 3 செ.மீ.யை 5 மி.மீ. கனத்துக்கு அகலப்படுத்தி, உட்புறம் லேசாகக் குழித்து, உளியால் நாலைந்து குறுக்குக் கீறல் போடுங்கள், கட்டை வழுக்காது. பிறகு ரிவிட் இடத்துக்கு மேலே ஒரு பக்கமும் கீழே மறுபக்கமும் 3 செ.மீ. வெளியே போகும்படி மெல்ல வளைத்து, நுனி மறுபடி நடுக்கோட்டுக்கு வர வேண்டும். முதல் கையை வரைந்துகொண்டு இரண்டாவதை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

6.3 மி.மீ. துளை, 6 மி.மீ. ரிவிட், 12 + 9 = 21 மி.மீ. நீளம். ரிவிட்டைக் காய்ச்சி அடித்தால் இடுக்கி அசையாமல் இறுகிப்போகும். பயப்பட வேண்டாம். மூட்டை மட்டும் சிவக்கக் காய்ச்சி, கைகளை விரித்து மூடிக்கொண்டே ஆறவிடுங்கள். ரொம்பத் தளர்த்திவிடவும் கூடாது. ஒரு வளையத்தால் மாட்டித் தொங்கவிட்டால் வாய் தானாகத் திறக்காத அளவு இறுக்கம் வேண்டும்.

தாங்கி

கருவிகள் முடிந்த பிறகு மிக நீளமானதை வளையத்தின் உட்பக்கத்திலிருந்து நுனிவரை அளங்கள். எல்லாம் சொன்னபடி வந்திருந்தால் 70 செ.மீ.க்குள் இருக்கும். அதோடு 3 செ.மீ. சேர்த்தது தூணின் உயரம், இரு முனையிலும் செருகு முளைகள் தனி. முதலிலேயே தாங்கியைச் செய்து வைத்தவர்களின் கிண்டுகோல் தரையைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

தூணின் கீழ்முனையில் 15 மி.மீ., மேல்முனையில் 22 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. உருளை முளை அராவி எடுங்கள். தோள் நாலு பக்கமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்தாலும் தூண் சாய்ந்து நிற்கும். அடித்தகட்டின் நடுத்துளையை அடிப்பக்கத்தில் அகலமாகக் குடைந்து, அரத்தால் துளையின் ஓரத்தில் இரண்டு மூன்று சிறு வெட்டு போடுங்கள். முளையைச் செருகி, காய்ச்சி அடிக்கும்போது இரும்பு குடைவை நிரப்பி, வெட்டுகளுக்குள்ளும் பாயும். தலை துருத்தாது, தூணும் சுழலாது. வெல்டு வைத்தால் பத்து நிமிட வேலைதான். செட்டின் மற்ற எல்லா இணைப்பும் ரிவிட்டாக இருக்கும்போது அந்த ஒரு வெல்டு கண்ணை உறுத்தும், அவ்வளவே.

பட்டைகள் இரண்டின் நடுவிலும் 10 மி.மீ. துளை. நான்கு முனைகளிலும் 4 செ.மீ.யை மேல்நோக்கிக் கொக்கியாக வளைத்து, குறுக்காக அடுக்கி, மேல்முளையில் மாட்டி, தலையைக் குவிந்த பொட்டாக அடித்து முடியுங்கள். மேல்பட்டையின் கைகளை 6 மி.மீ. கீழே வளைத்தால் நான்கு கொக்கியும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

மெருகு, அதன்பின் துடைப்பம்

கருவிகளை ஓரிரவு வினிகரில் ஊறவைத்தால் செதில் இளகும். கம்பி பிரஷால் தேய்த்து, சோடா உப்புக் கரைசலில் கழுவி, உடனே காயவையுங்கள். ஒரு மணி நேரம் ஈரமாகக் கிடந்தாலும் துரு ஏறும். பிறகு தேன்மெழுகு தொட்டால் உருகிப் புகையும் அளவுக்குச் சூடாக்கி, மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ துணியால் மெல்லிசாகப் பூசுங்கள். தீப்பிடித்தால் சூடு அதிகம், பிசுபிசுத்து நின்றால் சூடு போதாது. பெயின்ட் வேண்டாம், நெருப்புக்குள் போகும் முனையில் உரிந்து நாறும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

துடைப்பத்தை மெழுகு வேலைக்குப் பிறகுதான் கட்ட வேண்டும். நைலான் கங்கில் உருகும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிரஷ் வேலைக்குப் போகும் பனந்தும்பு விறைப்பாக இருக்கும், எளிதில் உருக்குலையாது. கம்பியின் கீழ் 7 செ.மீ.யில் உளியால் குறுக்கு வெட்டுகள் போட்டிருக்க வேண்டும், கட்டு நழுவாமல் இருக்க. 23 செ.மீ. நீளத் தும்பை, நீண்ட பக்கம் கைப்பிடியை நோக்கி இருக்கும்படி கம்பியைச் சுற்றிப் பரப்பி, நுனியிலிருந்து 5 செ.மீ. மேலே கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டுக்குக் கீழே 3 செ.மீ. தும்பு இருக்கட்டும். பிறகு மேலே நிற்கும் தும்பை முழுதும் கீழ்நோக்கி மடித்து முதல் கட்டை மூடி, 3 செ.மீ. கீழே இரண்டாவது கட்டு. இப்படி மடித்துக் கட்டினால் இழுத்தாலும் தும்பு உருவி வராது. கம்பி நுனிக்குக் கீழே 12 செ.மீ. விட்டு மீதியைக் கத்தரியுங்கள். ஆறிய சாம்பலுக்கு மட்டும்தான் இது. கங்கு கலந்திருந்தால் முதலில் கரண்டி.